மூன்று கட்டத்து மன்னர்

எல்லாரும் சாப்பிட்டாயிற்றா? அப்படியானால் சொல்லலாம். பசித்த வயிற்றோடு கேட்கிற கதை இல்லை இது, கண்ணுகளா. நடுவில் சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். இதில் சிரிக்க வேண்டிய இடங்கள் நிறைய உண்டு. யார் சிரித்தாலும் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

ஓர் ஊரில் ஒரு வாரியம் இருந்தது. பலகையில் எழுதியிருந்த பெயர் பண்பாட்டுத் தகுதி வாரியம். ஊரார் வாயில் அது கட்ட வாரியம். ஆஸ்பத்திரியில் கட்டில் வேண்டுமா, குடியிருக்க அரசு வீடு வேண்டுமா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டுமா, முதலில் வாரியத்தின் கூடத்தில் உட்கார்ந்து ஒரு குறுக்கெழுத்துப் புதிரை நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பெல்லாம் வரிசை, வரிசையில் அடிதடி, சிபாரிசு, மேசைக்குக் கீழே கை நீட்டல். வாரியம் வந்து எல்லாவற்றையும் ஒழித்தது. "இனி ஆளைப் பார்க்க மாட்டோம், கட்டத்தை மட்டும்தான் பார்ப்போம்" என்றார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. மற்ற ஊர்களில் ஒருவனுக்குக் கட்டம் சரியில்லை என்றால் அது பேச்சுக்குச் சொல்வது. அந்த ஊரில் மெய்யாகவே கட்டம்தான் சரியில்லை என்று பொருள்.

புதிரில் குறுக்கே வருகிறவர்கள் எல்லாரும் பழைய பெரிய நாவல்களின் நாயகர்கள். நெடுக்கே வருவதெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்து வரலாறு. ஏன் இந்த இரண்டு மட்டும் என்று கேட்காதீர்கள். வாரியத் தலைவர் படித்திருந்தது இந்த இரண்டைத்தான். அவர் இளவயதில் பாறைகளைப் பற்றிப் படித்திருந்தால், அந்த ஊர் நோயாளிகள் கல்லின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள்.

தலைவரை ஊரில் பெரும்புள்ளி என்பார்கள். அவருக்கு அடுத்தபடி, மேல்முறையீடுகளை விசாரிக்கிற அலுவலர். எழுத்தின் தலையில் புள்ளி இருக்கிறதா, அது கட்டத்துக்குள் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது அவர் உத்தியோகம். ஆகவே அவர் சின்னப்புள்ளி.

அந்த ஊரில் ஒரு தையற்காரி. அவள் கணவர் பஸ் கண்டக்டர். வாசற்படியில் தொங்குகிறவர்களை "உள்ளே போங்க, உள்ளே போங்க, இடம் இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே குரல் தேய்ந்த மனிதர். ஒருநாள் பஸ்ஸிலேயே மூச்சு முட்டி விழுந்தார். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லையாம். படுத்தால் மூச்சு அடைக்கும். சுவரில் தலையணையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டார்.

பெரிய டாக்டர் சொன்னார்: "சரிபண்ணிடலாம்மா. கட்டில் கிடைச்சதும் வாங்க. ரொம்பத் தள்ளிப்போடாதீங்க."

"கட்டில் எப்ப கிடைக்கும் டாக்டர்?"

"அது வைத்தியம் இல்லைம்மா, இலக்கியம். வாரியத்துல கேளுங்க."

புதிரைக் கற்றுக்கொடுக்க ஊரெல்லாம் பயிற்சி நிலையங்கள் இருந்தன. தையற்காரி ஒன்றில் சேர்ந்தாள். மாவு மில்லுக்கு மேல்மாடி. கீழே இயந்திரம் ஓடினால் மேலே பெஞ்சுகள் எல்லாம் நடுங்கும். வாத்தியார் பிரம்பால் பலகையைத் தட்டுவார்.

"படகோட்டி!"

"அஞ்சு கட்டம்!" என்று வகுப்பே கத்தும். காசநோய்க்காரர்கள் கொஞ்சம் பின்தங்கிக் கத்துவார்கள்.

"எத்தனாவது எழுத்து மெய்?"

"நாலாவது!"

தையற்காரி கையைத் தூக்கினாள். "சார், அந்தப் படகோட்டி என்ன சார் பண்ணான்?"

"அஞ்சு கட்டம் பண்ணான். வேறென்ன பண்ணணும்?"

"இல்ல சார், கதையில…"

வாத்தியார் பிரம்பைக் கீழே வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. "கதைக்கெல்லாம் போகாதீங்கம்மா. போன தடவை ஒரு அம்மா என் பேச்சைக் கேக்காம நாவலையே வாங்கிப் படிச்சிட்டாங்க. பரீட்சைக் கூடத்துல அந்தப் பேரு வந்ததும் அழ ஆரம்பிச்சாங்க. கண்ணைத் துடைச்சிட்டுப் பாக்குறதுக்குள்ள மணி அடிச்சிட்டான். வீட்டுக்காரருக்குக் கட்டில் போச்சு."

கதையை நான் சொல்லிவிடுகிறேன், செல்லங்களா, உங்களுக்குப் பரீட்சை இல்லை. ஆயிரத்து எண்ணூற்றுப் பதினேழில் அந்த நாட்டில் மழை பொய்த்தது. மன்னர் தானியக் களஞ்சியத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த நாவலில் ஒரு படகோட்டி வருகிறான். பிள்ளையைப் பசிக்குப் பறிகொடுத்தவன். கடைசி அத்தியாயத்தில் அரண்மனைக்குள் புகுந்து மன்னரின் கன்னத்தில் ஓர் அறை கொடுக்கிறான். அவ்வளவுதான் நாவல். ஊரே அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. தலையில் இருப்பதைப் படிக்க முடியாதல்லவா? ஆகவே யாரும் படிக்கவில்லை.

பரீட்சை நாள் வந்தது. தையற்காரிக்குக் கேட்டதெல்லாம் தெரிந்தது. படகோட்டி குறுக்கே கச்சிதமாக உட்கார்ந்தான். நெடுக்கே ஒரு குறிப்பு: "ஊர் பசித்திருக்கக் களஞ்சியத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர், நாட்டுக்கு இவர் யார்?"

அரசன். குழந்தைக்குக்கூடத் தெரியும். பெரிய மீசையோடு, இடுப்பில் சாவியோடு, கடைத்தெரு நாற்சந்தியில் கல்லாய் நிற்கிறார். ஆனால் கட்டம் மூன்றுதான் இருந்தது. அ, ர, ச, 'ன்'னுக்கு இடமில்லை. நான்காவது கட்டம் இருக்க வேண்டிய இடம் கன்னங்கரேலென்று இருந்தது.

துணி போதாவிட்டால் தையற்காரி உட்கார்ந்து அழுவதில்லை. ஓரத்தைச் சுருக்கி, ஒட்டுப்போட்டுத் தைப்பாள். இவளும் அதையே செய்தாள். மூன்றாவது கட்டத்தில் 'ச'வைக் கொஞ்சம் ஒல்லியாக்கி, பக்கத்திலேயே 'ன்'னை ஒட்டவைத்து, தலையில் குண்டூசி முனையளவு புள்ளியும் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

தள்ளுபடி ஆகிவிட்டது. காரணம்: ஒரே கட்டத்தில் இரண்டு எழுத்துகள் குடியிருந்தது.

கண்டக்டர் சிரித்தார். சிரித்ததும் இருமல் வந்தது. "ஏம்மா, என் வண்டியில ரெண்டு பேர் சீட்டுல நாலு பேர் உக்காந்து போறான். ஒரு சின்ன எழுத்து, தலையில புள்ளி மட்டும் வெச்சுக்கிட்டு ஓரமா ஒண்டிக்கிட்டு வந்தா இவங்களுக்கு என்ன போச்சாம்? போய்க் கேளு."

போய்க் கேட்டாள். சின்னப்புள்ளி பூதக்கண்ணாடியை எடுத்து அவள் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டும்மா. அதுக்கு உயிர் இல்லைங்கிறதுக்காக இன்னொருத்தர் இடத்துல கொண்டு போய்த் திணிக்கக் கூடாது. இது அடிப்படை மரியாதை."

"அதுக்குத்தான் ஐயா இடமே இல்லையே. அரசன்னா நாலு எழுத்துதானே?"

"நாலுதான்."

"அப்ப கட்டம்தானே தப்பு?"

சின்னப்புள்ளி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இந்தக் கட்டடத்துல அந்த வார்த்தையை யாரும் சொல்றதில்லை. அச்சகத்துக்காரன் வந்து சொன்னான், மை சிந்தி ஒரு கட்டம் கருப்பாயிடுச்சுன்னு. அவனை வீட்டுக்கு அனுப்பியாச்சு. வாரியத்துல மை சிந்தாதும்மா."

"உங்களுக்குத் தெரியுமில்லையா ஐயா, அது அரசன்னு?"

"நல்லாத் தெரியும். என் மூத்த பையனுக்கே அந்த ராஜா பேரைத்தான் வெச்சிருக்கேன். ஆனா எனக்குத் தெரிஞ்சதை வெச்சு நான் வேலை பாக்க முடியுமா? நான் ஆரம்பிச்சா, நாளைக்கு ஆளாளுக்குத் தெரிஞ்சதை வெச்சு வேலை பாப்பான். அப்புறம் வாரியம் எதுக்கு?"

அவளைப் போலவே இன்னும் பலர் வந்து முட்டிக்கொண்டிருந்தார்கள். சிலர் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். சிலர் 'அரச' என்று எழுதிவிட்டு, மீதி அடுத்த தாளில் என்று குறித்திருந்தார்கள். வாரியம் கூடியது. கட்டம் மூன்று என்பது உறுதி. அதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆகவே மூன்று எழுத்தில் நாட்டை ஆண்டவர் யார் என்று ஆராய்ந்தார்கள். சாயங்காலத் தேநீர் வருவதற்குள் உண்மை புலப்பட்டுவிட்டது.

அரசி.

நாற்சந்தியில் மேடை போட்டுப் பெரும்புள்ளி பேசினார். "அன்பார்ந்த பெருமக்களே! குறிப்பில் நாங்கள் 'செருகிக்கொண்டவர்' என்றுதான் போட்டிருந்தோம். 'அவர்' என்பது ஆணா, பெண்ணா? நாங்கள் ஆண் என்று எங்கே சொன்னோம்? நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள். ஒரு பெண்ணின் சாதனையை இத்தனை காலம் ஓர் ஆணின் கணக்கில் எழுதிவைத்த பாவம் உங்களுடையது. வாரியம் அதை மன்னிக்கிறது!"

சாதனை என்று அவர் சொன்னது, பசித்த ஊரின் களஞ்சியத்தைப் பூட்டியதை. மகளிர் மன்றத்தார் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அதன்பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. பாடப்புத்தகத்தில் மன்னருக்குப் பொட்டு வைத்தார்கள். கல்தச்சர் ஒருவர் ஏணி போட்டு ஏறிச் சிலையின் மீசையைச் செதுக்கி எடுத்தார். மீசை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்திருந்தது. தூரத்தில் பார்த்தால் அதுவே வெள்ளை மீசைபோல் இருந்தது. நாவலுக்கும் சிக்கல் வந்தது. நாயகன் ஒரு பெண்மேல் கை நீட்டலாமா? அடுக்குமா? கடைசி அத்தியாயத்தைத் திருத்தினார்கள். படகோட்டி அரண்மனைக்குள் புகுகிறான், கையை ஓங்குகிறான், ஓங்கிய கையோடு மற்றக் கையையும் சேர்த்துக் கும்பிடுகிறான். கட்டம் அதே ஐந்துதான். வாத்தியாருக்கு ஒரு சிரமமும் இல்லை.

சின்னப்புள்ளி தையற்காரியை ஆள்விட்டுக் கூப்பிட்டார்.

"உங்க விஷயத்தை மறக்கலைம்மா. ரெண்டே ரெண்டு காரியம். ஒண்ணு, 'அது அரசிதான், நான் தப்பா எழுதிட்டேன்'னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ரெண்டாவது, சிலைக்குப் பாவாடை தைக்கணும். கல்லுலேயே செதுக்கினா நாளாகும், தலைவருக்கு அவசரம். தைச்சுக் குடுத்தீங்கன்னா கட்டிலுக்கு உத்தரவு போட்டுடலாம்."

அவள் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். பக்கத்தில் அவருடைய தங்கையும் இருந்தாள். நாக்கில் நெருப்பு வைத்திருக்கிற பெண். அண்ணன் என்றால் உயிர்.

"கையெழுத்துப் போடாதீங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "அதை வெச்சே நாளைக்கு உங்களுக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்துவானுங்க."

"நீ சும்மா இரு," என்றார் கண்டக்டர். ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. "தைச்சுக் குடும்மா. எனக்குப் போறது மூச்சு. அந்தக் கல்லு ராஜாவுக்குப் போறது… வெக்கம்தானே."

"ராஜாவா இருந்தா என்ன, ராணியா இருந்தா என்னங்க," என்றாள் தையற்காரி. "நீங்க படுத்துத் தூங்கணும். அது போதும்."

கையெழுத்துப் போட்டாள். இதில் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கும் வராது, எனக்குத் தெரியும்.

ஏணியில் ஏறி மன்னரின் இடுப்பளவு எடுத்தாள். கல் இடுப்பு வளையாது. நாடா கோக்க முடியாது. துணியைச் சுற்றிப் போட்டு, உடம்போடு ஒட்டி, கையாலேயே தைத்து முடித்தாள். சாவி துருத்திக்கொண்டு நின்றது. அதற்கு ஒரு பை வைத்தாள். கீழிருந்து நாத்தனார், "அண்ணி, செத்தவனுக்கே இவ்வளவு பாந்தமாத் தைக்கிறீங்களே, என் சட்டைக் கையை மட்டும் ஏன் கோணலா விட்டீங்க?" என்று கேட்டு அவளைச் சிரிக்கவைத்தாள். பல வாரங்களில் அவள் சிரித்தது அப்போதுதான்.

வாரியம் சொன்ன சொல் தவறவில்லை. கட்டில் கிடைத்தது. ஜன்னலோரக் கட்டில். கண்டக்டரின் மார்பைச் சிரைத்து மருந்து தடவினார்கள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மத்தியானம் அறுவை.

"மார்ல முடி இல்லாம ஒரு மாதிரி இருக்கு," என்றார். "அந்த ராஜாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்."

"பேசாதீங்க. மூச்சு வாங்கும்."

"முடிஞ்சதும் வண்டியில ஏறினா, முதல் நாள் எல்லாருக்கும் உக்கார இடம் குடுக்கணும்."

"குடுக்கலாம், குடுக்கலாம்."

இந்த நேரத்தில் வாரியத்துக்குப் புதிய அச்சு இயந்திரம் வந்திருந்தது. நல்ல இயந்திரம், மை சிந்தாது. அன்று காலை அதில் முதல் புதிரை அடித்தார்கள். நான்காவது கட்டம் வெள்ளைவெளேரென்று வந்து நின்றது. யாரும் எதையும் திருத்தவில்லை. கட்டம் நான்கு, அவ்வளவுதான். நான்கு கட்டத்தில் நாட்டை ஆண்டவர் யார் என்பதற்கு இந்த முறை தேநீர் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

அரசன்.

வாரியம் தவறியதாக நினைத்துவிடாதீர்கள். மூன்றாக இருந்தபோது அரசி, நான்கானபோது அரசன். இரண்டு முறையும் கட்டம் நிறைந்தது. தவறியவர்கள் வேறு. மன்னரைப் பெண் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவர்கள் இருந்தார்கள் அல்லவா? அவர்கள் வரலாற்றைத் திரித்தவர்கள். அவர்களுக்குக் கொடுத்ததை எல்லாம் திரும்பப் பெற உத்தரவானது.

வார்டு பணியாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கண்டக்டரின் பஸ்ஸில் தினமும் வருகிறவர். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே தோளைப் பிடித்துத் தூக்கினார். நடைபாதை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கட்டிலில் போர்வை மாற்றினார்கள்.

தையற்காரி வாரியத்துக்கு ஓடினாள்.

"ஐயா, நீங்கதானே எழுதிக் குடுக்கச் சொன்னீங்க?"

"சொன்னேன்," என்றார் சின்னப்புள்ளி. "நான் சொன்னது காத்தோட போச்சு. நீங்க எழுதினது காகிதத்துல இருக்கு. நான் எதைம்மா பாக்கறது?"

"முதல்ல நான் எழுதினது அரசன்தானே ஐயா? அந்தப் புதிரை எடுத்துப் பாருங்க. உங்க கால்ல விழறேன்."

அவர் எடுத்துப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்த்தார். உள்ளபடியே வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இப்ப கட்டம் நாலும்மா. நீங்க மூணுதான் நிரப்பியிருக்கீங்க. நாலாவது காலியா இருக்கே."

அவள் குனிந்து அவர் காலைத் தொட்டாள்.

"ஒண்ணு செய்யுங்க," என்றார். "அந்தப் பாவாடையைப் பிரிச்சுக் குடுத்துடுங்க. சாயங்காலம் தலைவர் அங்க பேசறார். தானா முன்வந்து பிரிச்சாங்கன்னு ஒரு வரி எழுதி, மறுபடியும் மேலே அனுப்பறேன். என்னால ஆனது அதுதான்."

பெஞ்சில் இருந்த கணவரை நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு, கத்தரியை எடுத்துக்கொண்டு அவள் நாற்சந்திக்குப் போனாள். ஏணியில் ஏறினாள். கீழே மேடையில் பெரும்புள்ளி பேசிக்கொண்டிருந்தார்.

"சில தீய சக்திகள் நம் மன்னருக்குப் பாவாடை கட்டிப் பார்த்தன! அதோ, மக்களே அதை அவிழ்க்கிறார்கள்! ஆனால் ஒன்று. நாவலின் கடைசி அத்தியாயத்தைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். மன்னர் மறுபடியும் ஆணாகிவிட்டாரே, படகோட்டி மறுபடியும் அறையலாமா என்று. தேவையில்லை! கும்பிடு யாருக்கும் பொருந்தும். கும்பிடு அப்படியே இருக்கும்!"

போனமுறை கைதட்டிய அதே மகளிர் மன்றத்தார் எழுந்து நின்று கைதட்டினார்கள். மீசையை மறுபடி ஒட்டவைக்கச் சிமெண்டோடு வந்திருந்த கல்தச்சர், அவள் இறங்கட்டும் என்று ஓரமாக நின்றார்.

நன்றாகத் தைத்த துணி பிரியாது. ஒவ்வொரு தையலாக அறுக்க வேண்டியிருந்தது. பாதிக்கு மேல் பிரித்திருப்பாள், ஏணி லேசாக ஆடியது. குனிந்து பார்த்தாள். நாத்தனார் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணி என்று கூப்பிடவில்லை. வாய் ஓயாத அந்தப் பெண் ஏணிக்காலில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள்.

தையற்காரி இறங்கி வந்தாள். மேலே துணி பாதி தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்காரர்கள், உடம்பைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மயானத்தில் கேட்டபோது இடம் இருக்கிறது, ஆனால் வாரியத்திலிருந்து தகுதிச் சான்று வர வேண்டும் என்றார்கள். நாத்தனார் வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினாள். மயானக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "நான் என்னம்மா பண்ணுவேன்? எங்கப்பனுக்கே நான் எழுதிட்டு வந்துதான் குழி வெட்டினேன்," என்றார்.

மறுநாள் காலையில் தையற்காரி கூடத்தில் உட்கார்ந்தாள். புத்தம்புதிய புதிர். புது மையின் வாசம் போகவில்லை. குறுக்கே முதல் குறிப்பு: "அரண்மனைக்குள் புகுந்து மன்னரைக் கைகூப்பி வணங்கிய நாயகன், தொழிலால்." படகோட்டி என்று எழுதினாள். நெடுக்கே: களஞ்சியத்தைப் பூட்டியவர். அரசன் என்று எழுதினாள். 'ன்'னுக்கு விசாலமாக இடம் இருந்தது.

வாரியம் எதையும் இத்தனை வேகமாகச் செய்து யாரும் பார்த்ததில்லை. நெடுக்கே அடுத்த குறிப்பு இப்படி இருந்தது: "மன்னருக்குப் பாவாடை தைத்து வரலாற்றைத் திரித்தவள், தொழிலால்."

கூடம் முழுவதும் பென்சில்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவரும் தயங்கவில்லை, எளிய கேள்வி. அவள் மட்டும் அந்தக் கட்டங்களையே கொஞ்சநேரம் பார்த்தாள். காலியாக விட்டால் இடம் கிடைக்காது. அவர் இன்னும் ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில்தான் கிடந்தார்.

தை, ய, ற், கா, ரி என்று எழுதினாள்.

விடை சரி. இடம் கொடுத்தார்கள்.